கொல்லக் கிளம்பியவன்

கொல்லக் கிளம்பிய ஒருவன், கிளம்பிய ஒவ்வொரு தடவையும் ஓர் உயிரைச் சுமந்துகொண்டு திரும்பினால் அவனை என்னவென்று சொல்வது? அரசாங்கம் வீரன் என்று சொன்னது. நேவி கிராஸ் என்ற பதக்கத்தைச் சட்டையில் குத்தியது. அதற்கு மேலே ஒரே ஒரு பதக்கம்தான் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே ஹேசல் ஓடைக் கரையில் பிறந்து அங்கேயே செத்த டெல்பர்ட் ஹார்லெஸ், தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டான் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்குள் இருந்தது வீரமா என்று எனக்குத் தெரியாது. இருந்தது பகை. அதை அவன் ஒரு நல்ல வேட்டை நாயைப் போல, வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்தான்.

டெல்பர்ட்டின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து செத்தபோது அவனுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. அம்மா ஊரைவிட்டுப் போய் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். பையன் பக்கத்து வீட்டுக் கோவாச் குடும்பத்தின் மேசையில் வளர்ந்தான். ஹங்கேரியிலிருந்து சுரங்கத்துக்கென்று வந்த குடும்பம் அது. இர்மா கோவாச் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைத்தால் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மணக்கும். அவளுடைய மகன் மைலோவும் டெல்பர்ட்டும் ஒரே தூண்டிலில் மீன் பிடித்தார்கள், ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்தார்கள், ஒரே நாளில் மரைன் படையில் பெயர் கொடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் இர்மா இரண்டு பேரின் காதையும் பிடித்துத் திருகினாள்.

"சேந்து போறீங்க, சேந்து வாங்க. ஒருத்தன் மட்டும் வந்து நின்னீங்கன்னா கதவத் தொறக்க மாட்டேன்."

"யாரு மட்டும் வந்தா, அம்மா?" என்றான் மைலோ. "டெல் மட்டும் வந்தா தொறந்திடு. அவனுக்குப் பசி தாங்காது."

வியட்நாமில் அவர்களுடைய படைப்பிரிவுக்குப் புதிதாக ஒரு லெப்டினன்ட் வந்தார். பெயர் விட்காம். இவர்களுடைய மாநிலத்துக்காரர்தான், ஆனால் தலைநகரத்துப் பணக்காரத் தெருவில், வக்கீல் வீட்டில் பிறந்தவர். கெட்டவர் இல்லை. அதுவே பின்னால் டெல்பர்ட்டுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும்.

விமானத்துக்கு நம் ஆட்கள் இருக்கும் இடத்தைக் காட்டப் புகைக் குண்டு வீசுவார்கள். அதில் ஒரு விதி உண்டு. என்ன நிறப் புகை என்று வீசுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. மேலே இருக்கும் விமானி பார்த்து, 'பச்சை தெரிகிறது' என்பான்; கீழே இருப்பவன் ஆமாம் என்பான். எதிரியும் வானொலியில் காதை வைத்திருப்பான் அல்லவா? நிறத்தை முன்கூட்டிச் சொன்னால் அவனும் அதே நிறத்தை எடுத்து வீசுவான். மரைன் படையில் சமையல்காரனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

அன்று ஒரு நெல்வயலில் மாட்டிக்கொண்டார்கள். விட்காம் பின்னால் ஒரு கல்லறை மேட்டில் இருந்தார். எதிரி முன்னால் மரக்கூட்டத்தில் இருந்தான். நடுவே ஒரு வரப்பை ஒட்டி மைலோவும் மற்றவர்களும் படுத்திருந்தார்கள். டெல்பர்ட் பக்கத்து வாய்க்காலில், முதுகில் வானொலியோடு. குண்டு வீச விமானங்கள் வந்துவிட்டன. விட்காமின் குரல் அவன் காதில் விழுந்தது. பயந்த குரல்.

"மஞ்சள் வீசறேன். மஞ்சள் எங்க எடம். மஞ்சள் இல்லாத எடத்த அடிங்க."

டெல்பர்ட் வாய்விட்டுக் கத்தினான். யார் காதில் விழும்? மேட்டிலிருந்து மஞ்சள் எழும்பியது. ஒரு மூச்சு விடுவதற்குள் மரக்கூட்டத்திலிருந்தும் மஞ்சள் எழும்பியது. இரண்டுக்கும் நடுவில், புகையில்லாமல், அந்த வரப்பு கிடந்தது. விமானங்கள் சொன்னபடி செய்தன.

மைலோவை அவன் பார்த்தான். பார்த்த கோலத்தைப் பற்றிப் பிறகு ஒருவரிடமும் பேசியதில்லை.

பிறகு வானொலியைக் கழற்றி எறிந்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். கல்லறை மேட்டை நோக்கி ஓடினான். விட்காமின் நெஞ்சில் சுடுவது என்பதைத் தவிர அவன் மண்டையில் வேறெதுவும் இல்லை. மரக்கூட்டத்திலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். அவன் குனியக்கூட இல்லை. சிதைந்த வரப்பைத் தாண்டும்போது ஒரு கை அவன் காலைப் பிடித்தது.

"ஹார்லெஸ், என்ன விட்டுட்டுப் போயிடாதடா."

உதறினான். கை விடவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அவனைத் தோளில் போட்டு வாய்க்காலுக்கு இழுத்து வந்தான். மறுபடி மேட்டை நோக்கிக் கிளம்பினான். மறுபடி ஒருவன். மூன்றாம் தடவை தன் தொடையிலேயே குண்டு வாங்கிக்கொண்டு, மூன்றாவது ஆளோடு வாய்க்காலில் விழுந்தான். மேட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

தூக்குப்படுக்கையில் கிடந்தவனிடம் விட்காமே வந்தார். முகமெல்லாம் மண். "நான் எல்லாத்தையும் பாத்தேன், ஹார்லெஸ். அத எழுதுவேன்" என்றார். எழுதவும் செய்தார். பதக்கத்துக்கு அதிகாரி ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும், சொன்னவர் அவர்தான். மைலோவும் மற்றவர்களும் எதிரியின் மோர்ட்டார் குண்டுக்குப் பலியானதாகவும் அதே கையால்தான் எழுதினார். அந்த வானொலிப் பேச்சைக் கேட்டவர்களில் கீழே உயிரோடு மிஞ்சியவர்கள் விட்காமும் டெல்பர்ட்டும் மட்டுமே.

டெல்பர்ட் மருத்துவமனைகளில் கிடந்து, கைத்தடியோடு ஊருக்கு வந்தான். இர்மா கதவைத் திறந்தாள். மேசையில் உட்காரவைத்துத் தட்டை நிரப்பினாள். பிறகு சொன்னாள்:

"உங்க கேப்டன் போன வாரம் வந்திருந்தாருடா. பதவி உயர்வு ஆயிடுச்சாமே. இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. மைலோவுக்கு வலியே தெரியலையாம். கடைசியா என்னப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தானாம். எவ்வளவு தங்கமான மனுஷன்! எனக்கு அன்னைக்குத்தான் தூக்கம் வந்துச்சு."

டெல்பர்ட் வாயிலிருந்ததை விழுங்கினான். உண்மையைச் சொன்னால் இவள் மகனை இரண்டாம் தடவை கொல்கிறோம் என்பது புரிந்தது. இர்மாவுக்கு நெஞ்சு பலவீனம். அதிகம் போனால் ஐந்து வருடம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஐந்து வருடம் பொறுப்பது என்று அவன் முடிவு செய்தான். அவள் அடக்கத்தன்று, ஊர் கூடியிருக்கும்போது, விட்காமை எதிரில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்வான். அந்த மனிதர் இந்தப் பள்ளத்தாக்கில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் போவார். சுடுவதைவிட அது நல்ல சாவு என்று பட்டது.

இர்மா சாகவில்லை.

ஐந்து பத்தாகி, பத்து இருபதானது. டெல்பர்ட் சுரங்கத்தில் கூரை சரியாமல் இரும்புப் போல்ட் அடிக்கிற வேலைக்குப் போனான். மைலோவின் தங்கை மார்கிட்டைக் கட்டிக்கொண்டான். பதக்கத்தைத் தூண்டில் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். மார்கிட் அதை எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார்கள். அவனுக்கு உடம்பு கூசும். வெளியே சொல்ல முடியாத கூச்சம் அது.

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும், கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிற நாளில், விட்காம் வந்துவிடுவார். தலைநகரில் பெரிய வக்கீல். விலையுயர்ந்த ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டி, மலையேறி, மைலோவின் கல்லைச் சுற்றிப் புல் வெட்டுவார். பிறகு இர்மாவின் மேசைக்கு வருவார். அவள் அவருக்கென்று வால்நட் ரொட்டி எடுத்து வைத்திருப்பாள். 'என் மகனே' என்று கன்னத்தைத் தடவுவாள். டெல்பர்ட் எதிரே உட்கார்ந்து கத்தியால் இறைச்சியை வெட்டுவான்.

"அந்த மனுஷன் வந்தாலே ஏன் பன்னியக் கண்ட நாய் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிற?" என்று மார்கிட் கேட்பாள்.

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"இல்ல. கல்யாணத்துல கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

பழைய படைவீரர் மன்றத்தில் மதுக்கடையைப் பார்த்துக்கொண்ட ஆர்வில்லுக்கும் டெல்பர்ட்டைச் சீண்டுவதில்தான் சந்தோஷம். "உங்க மாமியா இன்னும் சந்தையில பன்றி வாங்கிட்டுப் போறாங்கப்பா. முழுப் பன்றி. கடவுள் அவங்க விலாசத்தத் தொலச்சிட்டாரு போல."

"தேடிட்டுத்தான் இருப்பாரு" என்றான் டெல்பர்ட்.

"நீ வேணா வழி காட்டுவ போலிருக்கே!"

எல்லாரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினான். தன்னை வளர்த்தவளின் சாவுக்குக் காத்திருக்கிறோம் என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. தன் மேல் வந்த அருவருப்பையும் விட்காமின் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்பினான்.

ஒரு வருடம் கல்லறை நாளன்று பெருமழை. ஓடை மஞ்சள் சேறாகப் பொங்கித் தரைப்பாலத்துக்கு மேலே ஓடியது. திரும்பிப் போகிற அவசரத்தில் விட்காம் வண்டியை அதில் விட்டார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து மிதக்க ஆரம்பித்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. ஒருவரும் இறங்கவில்லை. டெல்பர்ட் மரம் இழுக்கிற சங்கிலியை இடுப்பில் சுற்றி, மறுமுனையைத் தன் வண்டியில் மாட்டிவிட்டுக் குதித்தான். அடிபட்ட காலோடு நீந்தி, கண்ணாடியை உடைத்து, அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"மரைன்னா மரைன்தான்யா!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

சேற்றில் கிடந்து இருமிய விட்காமின் காதருகே டெல்பர்ட் குனிந்தான். ஊர் முன்னால் எப்போதும் 'சார்' போட்டுப் பேசுகிறவன், அப்போது சொன்னான்:

"நீ இப்படிச் சாகக் கூடாது. உனக்கு நான் வேற வச்சிருக்கேன்."

விட்காம் அவனைப் பார்த்தார். தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்வது போல. அந்த மாதம் மாவட்ட நிர்வாகம் டெல்பர்ட்டுக்கு இன்னொரு பட்டயம் கொடுத்தது. மார்கிட் அதையும் சட்டம் போட்டு மாட்டினாள்.

கடைசியில் இர்மா, தொண்ணூறைத் தாண்டி, ஒரு மார்ச் மாதக் காலையில் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து செத்துப்போனாள். டெல்பர்ட் சத்தம் போட்டு அழுதான். அவன் அழுது மார்கிட் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுகை நின்றதும் அவன் போய் முகச்சவரம் செய்துகொண்டு, கோட்டை எடுத்துத் தூசி தட்டினான்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, யாரோ இர்மாவைப் போலவே செய்யப் பார்த்துத் தோற்ற முட்டைக்கோஸ். பேச வேண்டியவர்கள் பேசினார்கள். டெல்பர்ட் எழுந்தான். இத்தனை வருடமாகச் சுரங்க இருட்டில் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. அவன் விட்காமைத் தேடினான். அவர் இல்லை.

"கேப்டன் ஆஸ்பத்திரியில இருக்காராம்" என்று மார்கிட் தாழ்ந்த குரலில் சொன்னாள். "புத்துநோயாம். எழுந்திரிக்கக்கூட முடியலையாம். பூ அனுப்பியிருக்காரு, பாரு."

டெல்பர்ட் பூவைப் பார்த்தான். "அவங்க எனக்குச் சோறு போட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஆள் இல்லாத நாற்காலியைச் சுடுவதற்கா இத்தனை காலம் காத்திருந்தான்?

மறுநாளே தலைநகருக்கு ஓட்டினான். விட்காம் தலையணைக்குள் புதைந்து கிடந்தார். மூக்கில் குழாய்.

"வந்துட்டியா. அடக்கத்துக்கு வர முடியல."

"அவங்க போயிட்டாங்க. இனிமே எனக்குக் கடிவாளம் இல்ல. ஊரு பூரா சொல்லப் போறேன்."

"சொல்லு."

"மறுப்பேன்னு நெனச்சேன்."

"எதுக்கு மறுக்கணும்? நானே அந்த மேசையில எத்தனையோ தடவ வாயத் தொறந்திருக்கேன். தொறந்த ஒடனே அவங்க இன்னொரு கரண்டி வச்சிடுவாங்க. வாய் நெறய முட்டகோஸ வச்சிக்கிட்டு எவன்டா பாவமன்னிப்புக் கேப்பான்?"

விட்காம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நீ ஓடி வந்தது அவனுங்களக் காப்பாத்த இல்ல. என்னச் சுட. துப்பாக்கிய என் நெஞ்சுக்கு நேரா புடிச்சிருந்த. எதிரி உனக்குப் பக்கவாட்டுல இருந்தான்."

டெல்பர்ட் தன் ஒருவனுக்கே தெரியும் என்று பூட்டி வைத்திருந்தது இது.

"தெரிஞ்சுமா அத எழுதின?"

"மூணு பேரு உயிரோட இருந்தாங்க. நான் பாத்தத எழுதினேன்."

"மைலோவுக்கு ஆனத நீ பாக்கலையா?"

விட்காம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "என்ன மைலோ பக்கத்துல வைக்க எடம் குடு. இர்மாகிட்ட கேட்டேன். 'மலைய டெல் பேருக்கு எழுதிட்டேன், அவன்கிட்ட கேளு'ன்னுட்டாங்க."

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"ரொம்ப நாளா இருந்துச்சு. அதுக்கும் வயசாயிடுச்சு."

டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

மேப்பிள் மரங்கள் துளிர் விடுகிற சமயத்தில் விட்காமின் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். மார்கிட்தான் எடுத்தாள்.

"கேப்டன் போயிட்டாராம், டெல். நம்ம மலையில வைக்கணும்னு ஆசப்பட்டாராமே? உன்கிட்ட கேட்டாராமே? என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லல."

டெல்பர்ட் கடப்பாரையையும் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினான். அந்தச் சரிவுக்கு இயந்திரம் ஏறாது. யார் செத்தாலும் சொந்தக்காரர்கள் கையால்தான் தோண்ட வேண்டும். வேலிக்குள் மைலோவின் ஒரு பக்கம் இர்மாவின் புதுமண். மறுபக்கம் டெல்பர்ட் தனக்கென்று இரண்டு கல் நட்டு வைத்திருந்த இடம். அந்தக் கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே தோண்ட ஆரம்பித்தான்.

மார்கிட் காப்பியோடு ஏறி வந்தபோது குழி முழங்கால் அளவு இருந்தது. அவன் மண்வெட்டியை ஊன்றி நின்று எல்லாவற்றையும் சொன்னான். வரப்பு, புகை, விட்காமின் குரல், துப்பாக்கி, எல்லாம். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

மார்கிட் காப்பிக் குடுவையை மைலோவின் கல்லில் அடித்து உடைத்தாள்.

"எங்கம்மா கையால தின்னானே! மகனேன்னு தடவினாங்களே! நாசமாப் போனவன். அவன ஓடையில தூக்கிப் போடு. நாயி இழுத்துட்டுப் போகட்டும். நீ... நீ தெரிஞ்சுமா அவனத் தண்ணியிலேருந்து இழுத்துப் போட்ட?"

"தண்ணி அவனக் கொண்டுபோறது எனக்குப் புடிக்கல."

"அப்ப இந்தக் குழி யாருக்கு?"

"அவனுக்கு."

"இது உன் எடம், டெல். எங்கண்ணன் பக்கத்து எடம். நீ எங்க போவ?"

அவன் தாடையால் வேலிக்கு அப்பால் காட்டினான். முட்புதரும் பாறையுமான சரிவு.

"உனக்குப் பைத்தியமா? அவனப் போயி எங்கண்ணன் பக்கத்துல... ஏன்? ஏன்னு எனக்குச் சொல்லிட்டுத் தோண்டு!"

அவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். அவள் அழுதுகொண்டே மலையிறங்கிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் வாயால் ஹேசல் ஓடை முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது. விட்காமின் அடக்கத்துக்கு அவருடைய தங்கை மகன்தான் வந்தான்; ஊரிலிருந்து ஒரு நாதி வரவில்லை. ஆர்வில் மன்றத்துச் சுவரிலிருந்த அவருடைய படத்தைக் கழற்றிக் கரி அடுப்பில் போட்டான். டெல்பர்ட் இத்தனை வருடம் விரும்பியது முழுவதும் அவனுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவன் பல வருடம் இருந்தான். மார்கிட் சண்டையிலும் கேட்டாள், சமாதானத்திலும் கேட்டாள், அவனுடைய கடைசிப் படுக்கையிலும் கேட்டாள். "அங்க மண்ணு இளகலா இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அது பொய். அந்த இடத்தில் வேரும் கல்லும் பின்னிக் கிடந்தன. கடப்பாரையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, குழி தோளளவு இறங்கும்வரை அவன் தனியாளாகத் தோண்டினான்.